பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே இருபது ஆண்டுச் சிறை: தமிழக எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்களவையில் இருக்கும் 39 பேருக்கும் மாநிலங்களவையில் இருக்கும் 18 பேருக்கும் வணக்கம்.

நான் ஒரு மாவட்டத் தலைநகரில் மகளிர் நீதிமன்றத்திலும் போக்சோ சிறப்பு நீதிமன்றத்திலும் வழக்கு நடத்தும் பெண் வழக்கறிஞர். சில வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நிற்கிறேன், சில வழக்குகளில் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பக்கம். கோட்டைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம், போக்சோ, அதாவது 18 வயதுக்குட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம், நாடாளுமன்றம் இயற்றியது என்பதுதான். கட்சி பார்த்து எழுதவில்லை. இந்த விஷயத்தில் எல்லாக் கட்சிகளும் ஒரே மாதிரிதான் வாயை மூடிக்கொண்டிருக்கின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே படிக்க மாட்டீர்கள். உடலுறவுக்கான சம்மத வயதை 18-லிருந்து 16-க்கு இறக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. பதினாறு வயதுப் பெண்ணின் பின்னால் சுற்றும் முப்பது வயது ஆளுக்கும், டியூஷன் வாத்தியாருக்கும், சித்தப்பா முறைக்காரனுக்கும் 18 என்ற சுவர் அப்படியே இருக்கட்டும். அந்தச் சுவர் அவர்களைத் தடுக்கத்தான் கட்டப்பட்டது. ஆனால் அதில் வந்து முட்டி மண்டை உடைபவர்களில் பெரும் பகுதி வேறு ஆட்கள். ப்ளஸ் டூ படிக்கும் பெண்ணும், அவளுக்கு இரண்டு வருடம் மூத்த பாலிடெக்னிக் பையனும். அவர்களுக்காக ஒரு விதிவிலக்கைச் சட்டத்துக்குள்ளேயே எழுதுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

எங்கள் ஊரில் இதை 'லவ் போக்சோ' என்கிறோம். வக்கீல்கள், ரைட்டர்கள், நீதிமன்ற ஊழியர்கள் எல்லோருக்கும் புரியும் சொல். 'உன் கட்டு என்ன கேஸ்?' என்று ஒரு ஜூனியர் கேட்டால், 'லவ் போக்சோதான்' என்று பதில் வரும். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு ஒரு வகை வழக்கு பெருகிவிட்டது என்றால் சட்டம் எங்கோ பிசகியிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வழக்குகள் எப்படிப் பிறக்கின்றன என்று பாருங்கள். பெண் வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று அப்பா ஸ்டேஷனுக்கு வருகிறார். 'சிறுமி காணவில்லை' என்று எஃப்.ஐ.ஆர். விழுகிறது. திருப்பூரிலோ கோவையிலோ இருவரையும் பிடித்து அழைத்து வருகிறார்கள். பெண்ணை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். அடுத்த நாள் செக்‌ஷன் மாற்றி அறிக்கை போகிறது: கடத்தல், அதோடு போக்சோ. பையன் ரிமாண்ட். பெண் 'வீட்டுக்குப் போக மாட்டேன்' என்றால் குழந்தைகள் நலக் குழு வழியாகக் காப்பகத்துக்குப் போகிறாள். காதலித்ததற்கு அவளும் அடைபடுகிறாள், ஆனால் அதைப் பாதுகாப்பு என்கிறோம்.

அப்புறம் தண்டனைக் கணக்கு. 2019-ல் நீங்கள், அல்லது உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்கள், இந்தச் சட்டத்தைக் கடுமையாக்கினீர்கள். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்டவருடன் உடலுறவு என்றால் குறைந்தபட்சம் பத்து ஆண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட முறை என்றாலோ, பெண் கருவுற்றுவிட்டாலோ அது 'கடுமையான' குற்றமாகிவிடும். குறைந்தபட்சம் இருபது ஆண்டு. காதலர்கள் ஒரே ஒரு முறை சந்தித்துவிட்டு நிறுத்திக்கொள்வதில்லை என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நீதிபதி நினைத்தாலும் ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது. பெண்ணின் சம்மதம் கணக்கில் வராது. போதாததற்கு 29-ஆவது பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவர் அதைச் செய்தார் என்றே அனுமானிக்கச் சொல்கிறது. இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு.

இதனால் என்ன நடக்கிறது என்று விசாரணை நாளில் வந்து பாருங்கள். பெயர், ஊர், இன்ன ஆண்டு என்றெல்லாம் சொல்ல மாட்டேன்; இப்படி எத்தனையோ பார்த்தாகிவிட்டது. வழக்கு சாட்சிக்கு வரும்போது பெண்ணுக்குப் பத்தொன்பது, இருபது வயது. கழுத்தில் மஞ்சள் கயிறு. ஜாமீனில் வந்த அந்தப் பையனைத்தான் கட்டியிருக்கிறாள். மாமியார் வெளியே பெஞ்சில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குழந்தை அழுதால் டவாலி வந்து 'கொஞ்சம் அந்தப் பக்கம் போங்கம்மா' என்பார். உள்ளே அரசு வழக்கறிஞர் கேட்கிறார்: 'எதிரியை உங்களுக்குத் தெரியுமா?' அவள் சொல்கிறாள்: 'தெரியாது.' வீட்டுக்காரரைத்தான் சொல்கிறாள். பிறழ் சாட்சி என்று அறிவித்து அரசுத் தரப்பே அவளைக் குறுக்கு விசாரணை செய்கிறது. 'நீதித்துறை நடுவரிடம் இப்படி வாக்குமூலம் கொடுத்தீர்களா?' 'போலீஸ் சொல்லிக் கொடுத்தபடி சொன்னேன்.' அடுத்த சாட்சி, பள்ளித் தலைமை ஆசிரியர். பாவம், லீவு போட்டுவிட்டுச் சேர்க்கைப் பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருப்பார். அவர் வாசிக்கும் பிறந்த தேதிதான் முழு வழக்கும். மூன்று மாதம் முன்னால் பிறந்திருந்தால் வழக்கே இல்லை.

உண்மையைச் சொன்னால் கணவனுக்கு இருபது ஆண்டு. பொய் சொன்னால் விடுதலை. பத்தொன்பது வயதுப் பெண்ணைச் சத்தியம் செய்ய வைத்துப் பொய் பேச வைக்கும் சட்டத்தைத்தான் நாம் குழந்தைகளின் பாதுகாப்புக்கு என்று வைத்திருக்கிறோம். பொய்யும் எல்லா நேரமும் உதவாது. குழந்தையின் டி.என்.ஏ. பரிசோதனை கட்டில் இருந்தால் அவள் வாய் என்ன சொன்னாலும் ரத்தம் பேசிவிடும். இன்னொரு விளைவு இதைவிட மோசம். பெண் பிறழ்ந்தால் அது காதல் கேஸாகத்தான் இருக்கும் என்று நீதிமன்ற வளாகமே பழகிவிட்டது. மாற்றாந்தந்தை மிரட்டியதால் நிஜமாகவே பயந்து பிறழும் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையையும் அதே அலுப்போடு பார்க்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்கிறது. அந்தப் பிள்ளையின் வழக்கு தள்ளிப்போவதற்கு, முன்னால் வரிசையில் நிற்கும் லவ் போக்சோக்களும் ஒரு காரணம்.

இது ஏதோ என் ஊர்ப் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களில் 2016 முதல் 2020 வரையிலான 7,064 போக்சோ தீர்ப்புகளை என்ஃபோல்டு என்ற அமைப்பு ஆராய்ந்தது. அதில் 1,715 காதல் வழக்குகள். ஏறத்தாழ நாலில் ஒன்று. அவற்றில் மிகப் பெரும்பாலானவை விடுதலையில்தான் முடிந்தன. முடிவில் விடுதலைதானே, என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் ரிமாண்டில் கழிக்கும் முதல் வாரத்தைப் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் இன்னொன்றும் உண்டு. நம் காவல்துறைப் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவர், குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். அதாவது ஜெயித்த பிறகும் கான்ஸ்டபிள் வேலைக்குத் தகுதி இல்லை. கிராமத்துப் பையன்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்கள் தொகுதியில் தேர்வுக்கு ஓட்டப் பயிற்சி எடுக்கும் யாரையாவது கேளுங்கள்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடித்தால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. நான் பார்த்த அளவில், ஒரே சாதிக்குள் ஓடிப்போனால் பெரும்பாலும் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசி முடிக்கிறார்கள். வயது பதினேழு என்பது அப்போது யார் கண்ணிலும் படுவதில்லை. பையன் வேறு சாதி, அதுவும் பட்டியல் சாதி என்றால் ராத்திரியோடு ராத்திரியாக மகளிர் ஸ்டேஷன் வாசலில் இருபது பேர் நிற்கிறார்கள். பெண்ணின் வயது அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. சாதி மறுப்பைத் தண்டிக்கச் சட்டம் எதுவும் கிடையாது, அதனால் குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்தைக் கையில் எடுக்கிறார்கள். 'நாடகக் காதல்' என்று மேடையில் முழங்கியவர்களோடு உங்களில் பலர் ஏதோ ஒரு தேர்தலில் கூட்டணி வைத்தவர்கள்தான். அந்தக் கணக்கை இங்கே தீர்க்க வரவில்லை. ஆனால் நீங்கள் போட்ட சட்டம் எதற்குப் பயன்படுகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் உயர் நீதிமன்றம் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. 2019 ஏப்ரலில் நீதிபதி வி.பார்த்திபன், பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களின் விருப்ப உறவைப் போக்சோவின் கடுமையிலிருந்து விலக்கலாம், வயது இடைவெளி ஐந்து ஆண்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். 2021 ஜனவரியில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கை ரத்து செய்தபோது, காதலிக்கும் வளரிளம் பருவத்தினரைச் சிறையில் தள்ளுவது இந்தச் சட்டத்தின் நோக்கமே அல்ல என்று எழுதினார். 2022 டிசம்பரில் அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு, பரஸ்பரக் காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம், சம்மன் அனுப்பி விசாரிக்கலாம் என்று சுற்றறிக்கை விட்டார். நல்ல சுற்றறிக்கைதான். ஆனால் வெளியே கூட்டம் நிற்கும்போது ஒரு பெண் இன்ஸ்பெக்டர் எதைப் பிடித்துக்கொள்வார்? பத்து ஆண்டு, இருபது ஆண்டு என்று சொல்லும் சட்டத்தையா, 'பார்த்துச் செய்யுங்கள்' என்று சொல்லும் காகிதத்தையா? கைது செய்யாவிட்டால் ஏன் செய்யவில்லை என்று அவர்தான் காரணம் எழுதிவைக்க வேண்டும். செய்துவிட்டால் கேட்பாரில்லை.

டெல்லியிலும் பந்து இங்கும் அங்கும் உருண்டுகொண்டிருக்கிறது. 2023 செப்டம்பரில் சட்ட ஆணையம் தன் 283-ஆவது அறிக்கையில், வயதை இறக்க வேண்டாம், பதினாறுக்கு மேற்பட்டவர்களின் வழக்குகளில் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு விருப்பதிகாரம் தரலாம் என்றது. அதாவது கைது, ரிமாண்ட், மருத்துவப் பரிசோதனை, சாட்சிக் கூண்டு எல்லாம் முடிந்து, குற்றவாளி என்று முத்திரையும் குத்திய பிறகு கடைசிப் பக்கத்தில் இரக்கம். 2025-ல் உச்ச நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் பதினாறு முதல் பதினெட்டு வரையிலான விருப்ப உறவைக் குற்றமாகக் கருதக் கூடாது என்று கேட்டார். ஒன்றிய அரசு எதிர்த்தது.

அதே 2025 மே மாதம் வந்த மேற்கு வங்க வழக்கைப் பலரும் தப்பாக மேற்கோள் காட்டுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். உறவு தொடங்கியபோது அந்தப் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 25. அதைக் காதல் என்று கொண்டாட நான் தயாரில்லை. நான் கேட்கும் விதிவிலக்கு அவருக்குப் பொருந்தவும் கூடாது. கல்கத்தா உயர் நீதிமன்றம் அவரை விடுவித்து, வளரிளம் பெண்கள் தங்கள் பாலுணர்வைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று பாடம் எடுத்தது. உச்ச நீதிமன்றம் 2024-ல் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்து குற்றத்தை உறுதி செய்தது. ஆனால் நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த நிபுணர் குழு அந்தப் பெண்ணிடம் பேசிவிட்டு வந்து சொன்னது வேறு கதை. அவள் வீடு அவளைக் கைவிட்டது, ஊர் இழிவாகப் பேசியது, இப்போது கணவனாக இருப்பவரைக் காப்பாற்ற போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்ததுதான் அவளை அதிகம் நொறுக்கியது. கடைசியில் அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆவது பிரிவு தரும் தனி அதிகாரத்தைக் கொண்டு, தண்டனை வேண்டாம் என்று நீதிமன்றம் விட்டது. அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான் உண்டு. எங்கள் மாவட்டத்துப் பெண் எத்தனை பேர் டெல்லி வரை போக முடியும்?

மருத்துவமனைப் பக்கமும் ஒரு வார்த்தை. கருவுற்ற எந்தப் பெண்ணும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் வாங்க வேண்டும். ஆதாரைக் காட்டியதும் வயது தெரிந்துவிடும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் செவிலியருக்கும் டாக்டருக்கும் ஆறு மாதம் வரை சிறை என்கிறது இதே சட்டம். அதனால் ஸ்டேஷனுக்குத் தகவல் போகிறது. இது ஊருக்குள் தெரிந்துவிட்டதால் பதினேழு வயதுப் பெண்கள் அங்கே வருவதே இல்லை. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள், அல்லது யாரோ சொன்ன இடத்துக்குப் போகிறார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், விருப்ப உறவால் கருவுற்ற சிறுமியோ அவள் பாதுகாவலரோ கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புச் சட்டத்தின் கீழ் சிகிச்சை தரும் டாக்டர் அவள் பெயரைப் போலீஸிடம் சொல்ல வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொன்னது. இதைத் தெரிந்த டாக்டர்களும் பயப்படுகிறார்கள். தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு வழக்கு நடத்துவதற்கு அவர்கள் வக்கீல்கள் இல்லை.

எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. விதிவிலக்கு வந்தால் குழந்தைத் திருமணம் நடத்தும் பெற்றோர் 'அவர்கள் விரும்பினார்கள்' என்று தப்பித்துக்கொள்வார்கள் என்கிறார்கள். நியாயமான பயம். அதனால்தான் விதிவிலக்கு திருமணத்துக்குப் பொருந்தாது, 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அப்படியே நிற்கும் என்று எழுத வேண்டும். சொல்லப்போனால், பெண் கருவுற்றதும் கேஸ் வருமே என்று பயந்து இரு வீட்டாரும் அவசரக் கல்யாணம் செய்துவைப்பதை நான் பார்க்கிறேன். அந்தக் கல்யாணங்களில் பாதி, போக்சோவுக்குப் பயந்து நடப்பவைதான். இன்னொரு பயம் செல்போன். படம் எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டும் பையன்கள் இருக்கிறார்கள், அவர்களும் பத்தொன்பது வயதுக்காரர்கள்தான். அவர்களைக் காப்பாற்ற ஒரு வரிகூட எழுத நான் கேட்கமாட்டேன். மிரட்டலோ படமோ வந்துவிட்டால் அங்கே விருப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வரலாற்றை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். 1860-ல் இந்தத் தேசத்தில் சம்மத வயது பத்து. கல்கத்தாவில் புல்மணி தாசி என்ற பத்துப் பதினொரு வயதுச் சிறுமி, முப்பதைத் தாண்டிய கணவனால் செத்துப்போன பிறகு, திலகர் போன்றவர்களின் எதிர்ப்பையும் மீறி 1891-ல் அது பன்னிரண்டானது. 1925-ல் பதினான்கு. 1940-ல் பதினாறு. அதற்குப் பிறகு எழுபது ஆண்டுக்கு மேல் பதினாறாகவே இருந்தது. ஆரம்பத்திலிருந்தே இந்தச் சண்டை, குழந்தைகளை வளர்ந்த ஆண்களிடமிருந்து காப்பாற்றுவதற்காக நடந்தது. உங்களுக்கு இன்னொன்றும் ஞாபகப்படுத்த வேண்டும்: 2011-ல் வந்த போக்சோ மசோதாவிலேயே பதினாறு முதல் பதினெட்டு வரையிலானவர்களின் சம்மதத்தைக் கணக்கில் எடுக்க இடமிருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுதான் அதை எடுக்கச் சொன்னது. 2013-ல், டெல்லி நிர்பயா வழக்கை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு மறுபடி பதினாறு என்றது; அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் அதுவும் அடிபட்டது. ஆக, இது யாரோ மேல்நாட்டிலிருந்து இறக்குமதி செய்யச் சொல்லும் சரக்கு இல்லை. உங்கள் அவையின் காகிதங்களிலேயே இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், 2015-ல் இதே நாடாளுமன்றம் சிறார் நீதிச் சட்டத்தை மாற்றி, கொடுங்குற்றம் செய்த பதினாறு வயதுப் பையனைப் பெரியவனாக வைத்து விசாரிக்கலாம் என்றது. குற்றத்தின் விளைவை உணரும் பக்குவம் அவனுக்கு இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வார்களாம். ஆக, பதினேழு வயதுப் பையனும் பதினேழு வயதுப் பெண்ணும் காதலித்து மாட்டினால், அவளுக்குச் சம்மதிக்கும் பக்குவம் கிடையாது, அவனுக்குக் குற்றம் செய்யும் பக்குவம் இருக்கலாம். அவள் காப்பகத்துக்கு, அவன் கூர்நோக்கு இல்லத்துக்கு. சட்டப்படி பார்த்தால் இருவருமே குழந்தைகள்.

கனடாவில் சம்மத வயது 16. பதினான்கு, பதினைந்து வயதினருக்கு ஐந்து ஆண்டுக்கும் குறைவான இடைவெளி இருந்தால் விலக்கு. ஜப்பான் 2023-ல் தன் சம்மத வயதைப் பதின்மூன்றிலிருந்து பதினாறுக்கு உயர்த்தியபோதே ஒத்த வயதினரைத் தனியாகப் பிரித்து எழுதியது. ஒரு கையால் கடுமையாக்கிக்கொண்டே இன்னொரு கையால் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியும் என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். பதினாறு நிறைந்த ஒருவர், தன்னைவிட நான்கு ஆண்டுக்கு மேல் மூத்திராத ஒருவரோடு விரும்பிப் பழகினால் அது போக்சோ குற்றம் ஆகாது. நீதிபதி பார்த்திபன் சொன்ன ஐந்து எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. ப்ளஸ் ஒன் பெண்ணுக்கும் வேலைக்குப் போய்விட்ட இருபத்தொரு வயது ஆளுக்கும் நடுவே தூரம் நிறைய. ஆசிரியர், பயிற்சியாளர், விடுதிக் காப்பாளர், உறவினர், முதலாளி, சாமியார் இவர்கள் யாருக்கும் வயது எதுவானாலும் விலக்கு கிடையாது. விருப்பமா இல்லையா என்பதைப் பெற்றோரும் போலீஸும் இல்லாத அறையில், துணைக்கு ஒரு ஆலோசகரை வைத்துக்கொண்டு, நீதித்துறை நடுவரிடம் அந்தப் பெண் சொல்லட்டும். அவள் 'ஆம்' என்றால் அன்றோடு வழக்கு முடிய வேண்டும், கைதுக்கு முன்பே. பதினைந்து வயதும் பதினாறு வயதுமாக இருந்தால் வழக்குக்குப் பதில் ஆலோசனைக்கு அனுப்பட்டும். நிலுவையில் இருக்கும் வழக்குகளுக்கும் இது பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் இன்று வெளி பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அரசு இதைக் கொண்டுவராது என்று எனக்கும் தெரியும். ஆனால் கூட்டத்தொடரில் வெள்ளிக்கிழமைப் பிற்பகல் இரண்டரை மணி நேரம் தனிநபர் அலுவலுக்கென்று, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் என்று, ஒதுக்கியிருக்கிறார்களே. 57 பேரில் ஒருவர் ஒரு மசோதாவை அறிமுகப்படுத்துங்கள், மற்றவர்கள் எழுந்து பேசுங்கள். நிறைவேறாவிட்டாலும் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், அது அவைக் குறிப்பில் ஏறும். வரைவு எழுத ஆள் வேண்டுமென்றால் உங்கள் தொகுதியின் பார் அசோசியேஷனில் கேளுங்கள். லவ் போக்சோ நடத்தாத வக்கீல் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
மாவட்ட மகளிர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞர்